விளம்பரம் இருக்கட்டும், ஆட வேண்டாம்

2024-ம் ஆண்டு நவம்பர் 30-ம் தேதி இரவு ஃபெங்கல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மரக்காணத்தில் எங்கள் தெருவில் மாலையிலேயே மின்சாரம் போய்விட்டது. வீட்டில் உயிரோடு இருந்தது ஒரே ஒரு மொபைல். அதில் 34 சதவீதம் சார்ஜ். உப்பளம் குத்தகைக்கு எடுத்திருக்கும் என் சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்து கொண்டு, "மழை எப்பதான் விடும்னு பாருடா" என்று நிமிடத்துக்கு ஒரு தடவை கேட்டார். சீசன் முடிந்து விற்காமல் கரையில் குவித்திருந்த உப்பின் மேல் தார்ப்பாய் போட்டுக் கட்டியிருந்தார். காற்று அதைத் தூக்கிவிட்டால் பல மாத உழைப்பு ஒரே இரவில் கரைந்து வாய்க்காலுக்குப் போய்விடும்.

ஒரு வானிலைச் செய்திப் பக்கத்தைத் திறந்தேன். மழை வரைபடம் பாதி தெரிந்தது. மீதிப் பாதியில் ஒரு நெக்லஸ் மின்னி மின்னி அணைந்தது. அதற்குக் கீழே கடன் தரும் ஆப் ஒன்றின் விளம்பரத்தில் நாணயங்கள் கொட்டிக் கொண்டிருந்தன. மூலையில் ஒரு வீடியோ தானாகவே ஓட ஆரம்பித்தது. அதை மூட விரலை வைத்தால், அதற்குள் மேலே இன்னொரு விளம்பரம் வந்து பக்கம் முழுவதும் கீழே இறங்கி, விரல் நெக்லஸின் மேல் விழுந்து கடையின் தளம் திறந்தது. பத்து நிமிடத்தில் சார்ஜ் 27 சதவீதம். முழுப் பழியையும் விளம்பரத்தின் மேல் போட முடியாது. சிக்னல் தேடுவதற்கும் மொபைல் நிறைய சார்ஜ் செலவழிக்கும். ஆனால் மழையைப் பார்க்க வந்தவனுக்கு நாணயம் கொட்டிக் காட்ட வேண்டிய அவசியம் என்ன?

விளம்பரமே கூடாது என்று சொல்பவன் அல்ல நான். உங்கள் கையில் இருக்கும் இந்த இதழில் விளம்பரப் பக்கங்களை எல்லாம் எடுத்துவிட்டால் இதே விலைக்கு இது கிடைக்குமா? இணையத்தில் தமிழில் இலவசமாகப் படிப்பது எல்லாம் பெரும்பாலும் விளம்பரக் காசில்தான் நடக்கிறது. என் சண்டை அசைவோடு மட்டும்தான். அச்சில் வரும் விளம்பரம் போட்ட இடத்தில் நிற்கும். வேண்டும் என்றால் பார்க்கலாம், வேண்டாம் என்றால் கண் தாண்டிப் போய்விடும். அசையும் விளம்பரத்தை அப்படித் தாண்ட முடியாது. நம் கண்ணின் ஓரப் பார்வை எழுத்தைப் படிக்க உதவாது. ஆனால் அசைவைச் சட்டென்று பிடித்துவிடும். புல்லுக்குள் பாம்பு நெளிந்தால் உயிர் தப்ப வேண்டும் என்பதற்காக அமைந்த வசதி அது. அதைத்தான் ஷாம்பு விற்பதற்குப் பயன்படுத்துகிறார்கள். பஸ் நிலையத்தில் லாட்ஜ் போர்டு மாட்டியிருப்பது வேறு, ஆள் வந்து கையைப் பிடித்து இழுப்பது வேறு.

முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. 1994 அக்டோபர் 27-ம் தேதி 'ஹாட்வயர்டு' தளத்தில் ஏடி அண்டு டி நிறுவனம் கொடுத்த பட்டை விளம்பரத்தைத்தான் இந்த வகையின் ஆரம்பம் என்று சொல்வார்கள். கிஃப் என்னும் பட வகையை 1987-லேயே காம்ப்யுசர்வ் நிறுவனம் கொண்டு வந்திருந்தது. 1989-ல் வந்த அதன் புதிய வடிவத்தில் ஒரே ஃபைலில் பல படங்களை அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் இடையே இவ்வளவு நேரம் என்று குறிக்க முடிந்தது. நெட்ஸ்கேப் பிரவுசரின் இரண்டாம் பதிப்பு அந்த அடுக்கை முடிவே இல்லாமல் திரும்பத் திரும்ப ஓட்டும் வசதியைச் சேர்த்தது. அன்றிலிருந்து பிடித்தது சனி. பிரவுசிங் சென்டருக்குப் போன தலைமுறைக்கு அந்தக் குரங்கு நினைவிருக்கும்: பட்டையில் இங்கும் அங்கும் ஓடும், குத்தினால் பரிசு என்பார்கள். 56 கே மோடத்தில் நடைமுறையில் நொடிக்கு 5 கிலோபைட் வந்தாலே பெரிது. 100 கிலோபைட் விளம்பரம் என்றால் இருபது நொடி. மணிக்கணக்கில் காசு கொடுத்து உட்கார்ந்து, நாமே குரங்கை டவுன்லோட் செய்து கொண்டிருந்தோம்.

ஆனால் அந்தக் காலத்தில் நம் பக்கம் ஒரு சுவிட்ச் இருந்தது. இதைத்தான் இன்றைக்குப் பலர் மறந்துவிட்டார்கள். இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் டூல்ஸ், இன்டர்நெட் ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு என்று போனால், மல்டிமீடியா என்ற தலைப்பின் கீழ், பக்கங்களில் அனிமேஷனை ஓட்டவா என்று ஒரு கட்டம் இருக்கும். டிக் அடையாளத்தை எடுத்துவிட்டால் போதும். படம் இருக்கும், விளம்பரமும் இருக்கும், ஆட்டம் மட்டும் இருக்காது. ஓபராவிலும் இப்படி ஒரு வசதி உண்டு. இன்னும் சுலபம் எஸ்கேப் கீ. பக்கம் வந்து முடிந்ததும் அதை ஒரு தட்டுத் தட்டினால் ஆடிக் கொண்டிருந்த கிஃப் படங்கள் எல்லாம் அப்படியே சிலையாகிவிடும். ஃபயர்பாக்ஸில் 2013 வரை இது வேலை செய்தது. பிறகு அதை எடுத்துவிட்டார்கள். இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கே 2022-ல் விடை கொடுத்தாகிவிட்டது.

இன்று பெரும்பாலோர் கையில் இருப்பது குரோம். அதன் உள்ளே அனிமேஷனை ஓட விடு, ஒரு முறை மட்டும் ஓட்டு, ஓட்டாதே என்று மூன்று நிலைகள் இருக்கின்றன. எக்ஸ்டென்ஷன் எழுதுபவர்கள் அதைத் தொட முடியும். சாதாரண ஆள் செட்டிங்ஸ் பக்கத்தில் மாற்றிக் கொள்ளும்படி வெளியே ஒரு கைப்பிடி வைக்கவில்லை. குழாய் இருக்கிறது, திருகைக் கழற்றி வைத்திருக்கிறார்கள். குரோமை உருவாக்கும் கூகுளுக்குப் பெரும் வருமானம் விளம்பரத்தில் இருந்து வருகிறது. அதனால்தான் கைப்பிடி இல்லை என்று என்னால் நிரூபிக்க முடியாது. சந்தேகப்படுவதற்கு நிரூபணம் தேவையில்லை.

நடுவில் நிற்கும் இந்தச் சின்னச் சுவிட்ச் போனதால் என்ன ஆயிற்று? பொறுக்க முடியாத வாசகர் நேராகக் கோடாலியை எடுத்துவிட்டார். ஃபயர்பாக்ஸ் வேறு பெயரில் தவழ்ந்து கொண்டிருந்த 2002-லேயே அதற்கு ஆட்பிளாக் வந்துவிட்டது. 2006-ல் ஆட்பிளாக் பிளஸ், 2014-ல் யுபிளாக். இவை விளம்பர சர்வர்களின் பட்டியலை வைத்துக் கொண்டு, அங்கிருந்து எதையும் டவுன்லோட் செய்யவே விடுவதில்லை. டேட்டா மிச்சம், சார்ஜ் மிச்சம், பக்கமும் வேகமாக வரும். புயலுக்குப் பிறகு வீட்டில் இருந்த எல்லாக் கருவிகளிலும் நானும் போட்டேன். ஆனால் ஆடிய நெக்லஸோடு சேர்ந்து, ஒரு சிறிய தமிழ்த் தளத்தில் ஆடாமல் அசையாமல் நின்ற ஜவுளிக்கடை விளம்பரமும் காணாமல் போனது. ஒழுங்காக நடந்து கொண்டவருக்கும் அதே தண்டனை. அந்தத் தளத்தை நடத்துபவருக்கு அதில் மாதம் என்ன கிடைத்திருக்குமோ, அதில் என் பங்கும் போயிற்று.

இதைச் சரி செய்ய ஆட்பிளாக் பிளஸ் 2011-ல் ஒரு வழி சொன்னது. உறுத்தாத விளம்பரங்களை மட்டும் உள்ளே விடுவது, அசைபவற்றுக்கு இடமில்லை. நல்ல யோசனைதான். ஆனால் பெரிய நிறுவனங்களிடம் அனுமதிக்குக் கட்டணமும் வாங்கினார்கள். வாயிற்காவலர் உள்ளே போகிறவரிடம் காசு வாங்கினால், அவர் யாருக்காகக் காவல் நிற்கிறார் என்ற கேள்வி வரத்தான் செய்யும்.

விளம்பரத்தைத் தடுப்பது திருட்டு என்று சிலர் வாதிடுகிறார்கள். ஜெர்மனியில் ஆக்சல் ஸ்பிரிங்கர் என்ற பெரிய பதிப்பக நிறுவனம் ஆட்பிளாக் பிளஸ் மீது வழக்குப் போட்டு உச்ச நீதிமன்றம் வரை போனது. இப்படி ஒரு மென்பொருளைத் தருவது நியாயமற்ற வணிகம் ஆகாது என்று 2018 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. எங்கள் அப்பா டிவியில் விளம்பரம் வந்தால் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டுப் பேப்பர் படிப்பார். யாரும் அவரைத் திருடன் என்று சொன்னதில்லை.

விளம்பரத் துறையும் சும்மா இல்லை, விதிகள் போட்டிருக்கிறது. கூகுள் விளம்பரங்களில் கிஃப் 30 நொடிக்குள் ஆட்டத்தை நிறுத்தியாக வேண்டும், 150 கிலோபைட்டுக்கு மேல் போகக் கூடாது. 2020-ல் இருந்து குரோம், 4 மெகாபைட்டுக்கு மேல் டேட்டாவை விழுங்கும் விளம்பரத்தை இறக்கிவிடுகிறது. 4 மெகாபைட்! பழைய 1.44 மெகாபைட் ஃபிளாப்பியில் இரண்டு நிறைந்து மூன்றாவதும் முக்கால் நிறையும். அதுவரை பொறுத்துக் கொள்ள வேண்டுமாம். 30 நொடி என்பதும் கணக்கில்தான் சின்னது. செய்தியைப் பாதி படிப்பதற்குள் அது முடிந்துவிடும். உடனே அதே இடத்தில் அடுத்த விளம்பரம் வந்து அதன் 30 நொடியை ஆரம்பிக்கும். இணையப் பக்கங்களை எல்லோரும் பயன்படுத்தும்படி அமைக்க உலக அளவில் உள்ள வழிகாட்டு நெறிகள் வேறு அளவு சொல்கின்றன: தானாக ஆரம்பித்து மற்ற விஷயங்களோடு சேர்ந்து ஐந்து நொடிக்கு மேல் அசையும் எதையும் நிறுத்தவோ மறைக்கவோ வாசகருக்கு வழி இருக்க வேண்டும். கவனம் சிதறும் குறைபாடு உள்ளவர்கள் படிக்கவே முடியாமல் போகிறது என்பதால் வந்த விதி. எனக்கு அப்படி எந்தக் குறைபாடும் இல்லை, ஆனாலும் அந்த ஐந்து நொடியைத்தான் நானும் கேட்கிறேன்.

சுவிட்ச் ஏன் வாசகர் கையில் இருக்க வேண்டும் என்பது எனக்கு அடுத்த ஆண்டு கோடையில்தான் முழுதாகப் புரிந்தது. அந்தப் புயலில் சித்தப்பாவின் மூன்று குவியல்களில் இரண்டு தப்பின, ஒன்று போய்விட்டது. அதிலிருந்து அவருக்கு மழை என்றாலே பதற்றம். எங்கள் பகுதியில் ஜனவரியில் தொடங்கும் உப்புச் சீசனின் நடுவே கோடை மழை பெய்தால், பாத்தியில் ஏறியிருக்கும் நீரின் உறைப்பு குறைந்து பல நாள் வேலை வீணாகும். எனவே வீட்டு கம்ப்யூட்டரில் அவருக்காக ஃபயர்பாக்ஸ் போட்டு, எல்லா அனிமேஷனையும் நிறுத்தி வைத்தேன். மறுநாள் சாயங்காலம் கூப்பிட்டார். "என்னாடா இது, மேகம் நவுரவே மாட்டேங்குது?"

வானிலை ஆய்வு மையத்தின் சென்னை ரேடார் படம்தான் அது. மேகக் கூட்டம் எந்தப் பக்கம் போகிறது என்று அடுத்தடுத்த படங்களாக ஓட்டிக் காட்டுவதும் அசையும் கிஃப்தான்! நெக்லஸை நிறுத்தப் போய் மேகத்தையும் நிறுத்தியிருந்தேன். எது தேவையான அசைவு, எது தேவையில்லாதது என்பதைக் கம்ப்யூட்டரால் ஃபைல் வகையை வைத்துச் சொல்ல முடியாது. பார்க்கிறவருக்குத்தான் தெரியும்.

நல்லவேளை, நடுவழி ஒன்று இருந்தது. கம்ப்யூட்டரில் ஃபயர்பாக்ஸைத் திறந்து அட்ரஸ் பாரில் 'அபவுட்:கான்ஃபிக்' என்று ஆங்கிலத்தில், இடைவெளி இல்லாமல் டைப் செய்து என்டர் தட்டவும். எச்சரிக்கை ஒன்று வரும், ஏற்றுக் கொள்ளவும். தேடும் கட்டத்தில் 'அனிமேஷன்' என்று கொடுத்தால் வரும் வரிகளில் 'இமேஜ்.அனிமேஷன்_மோட்' என்பதைப் பாருங்கள். அதில் 'நார்மல்' என்று இருக்கும். 'நன்' என்று மாற்றினால் எதுவுமே அசையாது. 'ஒன்ஸ்' என்று மாற்றினால் எல்லாம் ஒரு முறை ஓடி நின்றுவிடும். சித்தப்பாவின் மேகம் ஒரு முறை கடலில் இருந்து கரைக்கு வந்து நிற்கும். மறுபடி பார்க்க எஃப்5 தட்டுவார். நெக்லஸும் ஒரு முறை மின்னிவிட்டுப் போகட்டும். மற்ற வரிகளில் கை வைக்க வேண்டாம். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு 2023-ல் வந்த ஐஓஎஸ் 17-ல் இருந்து ஆக்சஸிபிலிட்டி பகுதியில், மோஷன் என்பதன் கீழ் இதே போன்ற சுவிட்ச் இருக்கிறது.

இது கிஃப் வகைக்கு மட்டும்தான். தானாக ஓடும் வீடியோவுக்கு ஃபயர்பாக்ஸ் செட்டிங்ஸில் பிரைவசி பகுதியில் ஆட்டோபிளே என்று தனி இடம் உண்டு. ஆடியோ, வீடியோ இரண்டையும் தடுக்கும்படி வைக்கவும். ஃபிளாஷ் 2020-ன் கடைசி நாளோடு போய்விட்டது. அதன் இடத்துக்கு வந்த எச்டிஎம்எல்5 விளம்பரங்கள் இந்தச் சுவிட்சுகள் எதற்கும் கட்டுப்படாது. அவற்றுக்கு இன்றைக்கும் கோடாலிதான். ஆண்ட்ராய்டு மொபைலில் குரோம் எக்ஸ்டென்ஷன்களை ஏற்காது. ஃபயர்பாக்ஸ் ஏற்கும், அதில் யுபிளாக் ஆரிஜின் போட்டுக் கொள்ளலாம். கம்ப்யூட்டரில் குரோம் பழைய வகை எக்ஸ்டென்ஷன்களை 2024, 2025-ல் படிப்படியாக நிறுத்திவிட்டதால், அங்கே லைட் பதிப்பு மட்டும்தான்.

போட்டதும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது, அதைத்தான் நிறையப் பேர் செய்வதில்லை. நீங்கள் தினமும் படிக்கும் தளத்தில் விளம்பரம் ஒழுங்காக நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால், அந்தத் தளத்தில் இருந்தபடியே யுபிளாக்கின் அடையாளத்தைத் தட்டி, பெரிய பவர் பட்டனை அணைத்துவிடுங்கள். அந்த ஒரு தளத்துக்கு மட்டும் விளம்பரம் வரும். நான் இப்படி மூன்று தமிழ்த் தளங்களைத் திறந்து விட்டிருந்தேன்.

போன மாதம் அதில் ஒன்றில் ஒரு நகைக்கடை விளம்பரம் ஆட ஆரம்பித்தது. தளத்தை நடத்துபவருக்கு, நிறுத்தினால் திரும்பவும் திறப்பேன் என்று மெயில் அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. இப்போதைக்கு இரண்டு.