மலையைக் கரைத்த எண்ணெய்

ஆடிக் கிருத்திகைக் கூட்டம் ஓயட்டும் என்று காத்திருந்து, ஒரு புதன்கிழமை அரக்கோணத்திலிருந்து குடும்பத்தோடு திருத்தணிக்குக் கிளம்பினோம். பக்தி பாதி, பையனின் ஸ்கூல் பிராஜெக்ட் பாதி. தெர்மோகோலில் தணிகை மலை செய்ய வேண்டுமாம். 365 படியும் சரியாக இருக்கிறதா என்று எண்ணிக்கொண்டே ஏறினான். என் முழங்கால் எண்ணியதை அச்சில் போட முடியாது.

இறங்கியதும் இல்லத்தரசி ஒரு கடையில் நின்றுவிட்டாள்.

"நாரிஞ்ச நூனெம்மா. ஒரிஜினல் ஆரஞ்சு எண்ணெய். எறும்பு வராது, கறை போகும்" என்றார் கடைக்காரர். 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர் அல்லவா, வியாபாரம் இரண்டு மொழியிலும் நடக்கும்.

"மண்ணெண்ணெயில எசன்ஸைக் கலந்திருப்பான்" என்று முணுமுணுத்தேன். யார் கேட்டார்கள்?

பத்து நாள் ராத்திரி பகலாக உட்கார்ந்து பையன் மலையை முடித்தான். திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். ஞாயிறு சாயங்காலம், படி ஒட்டிய மைதாப் பசைக்கு எறும்பு வந்துவிட்டது. அம்மாக்காரி பாசத்தோடு பாட்டிலைத் திறந்து, துணியில் நனைத்து, அடிவாரத்தில் ஒரு ஒற்று ஒற்றினாள்.

"ஏங்க... மலை உள்ள போகுதுங்க!"

ஓடிப் போய்ப் பார்த்தால், முதல் நூறு படியைக் காணோம். வெள்ளைக் கூழாகி மேஜையில் வழிகிறது. பையன் அழவே இல்லை. மலையையே பார்த்துக்கொண்டு நின்றான். அதுதான் எனக்கு என்னவோ செய்தது.

எண்ணெய் ஒரிஜினல்தான் என்பது இப்படித்தான் தெரிந்தது! ஆரஞ்சு எண்ணெயில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் லிமோனின் என்கிற சரக்கு. தெர்மோகோல் என்பது காற்று ஊதிய பாலிஸ்டைரீன். இரண்டும் சேர்ந்தால் சர்க்கரை தண்ணீரில் கரைகிற மாதிரி கரைந்துவிடும். ஜப்பானில் சோனி கம்பெனிக்காரர்கள் பேக்கிங் தெர்மோகோலை இப்படிக் கரைத்தே மறுபடி உபயோகிக்க வழி கண்டார்கள். என் வீட்டில் அதே ஆராய்ச்சி ஓசியில் நடந்திருக்கிறது.

இந்த எண்ணெய் இருப்பது சுளையில் இல்லை. தோலின் வெளிப்புறம் புள்ளி புள்ளியாகத் தெரிகிறதே, அந்தக் குட்டிப் பைகளில். தோலை மடித்துக் கண்ணருகே பீய்ச்சி அழுதிருக்கிறீர்களே, அதேதான். மெழுகுவத்திச் சுடர் பக்கம் பீய்ச்சினால் குப்பென்று பற்றும், ஆகவே அடுப்பங்கரையில் ஜாக்கிரதை. அந்தக் காலத்தில் சிசிலித் தீவில் தோலைக் கடற்பஞ்சின் மேல் அழுத்தி, பஞ்சைப் பிழிந்து எடுத்தார்கள். இப்போது பிரேசில் மாதிரி நாடுகளில், ஜூஸ் எடுக்கும் இடத்திலேயே மெஷின் தோலைக் கீறி, தண்ணீர் அடித்து, வேகமாகச் சுழற்றி எண்ணெயைத் தனியே பிரித்துவிடுகிறது. ஒரு டன் பழத்துக்குச் சில கிலோதான் தேறும்.

மிட்டாயிலும், தரை துடைக்கிற திரவத்திலும், ஸ்டிக்கர் பசையைக் கிளப்புவதிலும் இது உண்டு. ஜுரத்துக்கு நெற்றியில் ஓடிகோலோன் பட்டி போடுவோமே, அதன் வாசனையிலும் நாரத்தை, எலுமிச்சை வகையறா எண்ணெய்கள்தான். எறும்பு விஷயத்தில் கடைக்காரர் சொன்னது நிஜம், அதற்கு லிமோனின் ஆகாது. ஆனால் மூடியைச் சரியாக மூடாமல் பழசான எண்ணெயைத் தோலில் தடவாதீர்கள். காற்றுப்பட்டால் குணம் மாறி அரிப்பு வரும். வீட்டில் பூனை இருந்தால் இன்னும் எட்டத்தில் வையுங்கள்.

பேர்கூட இந்தப் பக்கத்துச் சரக்குதான். நம்ம நாரத்தைக்குச் சொந்தமான ஒரு திராவிடச் சொல் வடமொழியில் நாரங்கம் ஆகி, பாரசீகம், அரபு, ஸ்பெயின் என்று சுற்றி, இங்கிலீஷுக்கு வருவதற்கு முன்பே வழியில் தலையெழுத்தான 'ந'வைத் தொலைத்து 'ஆரஞ்சு' ஆனது என்று பல மொழியறிஞர்கள் சொல்கிறார்கள். அதைப் பையனிடம் சொன்னேன்.

"அப்பா, படியைச் சொல்லுங்க" என்றான்.

ராத்திரி ஒரு மணி வரைக்கும் பழைய பேப்பரை ஊறவைத்து, அரைத்து, அப்பாவும் பிள்ளையுமாக இன்னொரு மலை எழுப்பினோம். கொஞ்சம் சப்பை மலை. முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார். காலையில் பார்த்தால் அதிலும் எறும்பு. இல்லத்தரசி அலமாரிப் பக்கம் திரும்பினாள். பையன் மலையை அப்படியே வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு ஸ்கூலுக்கு ஓடிவிட்டான்.