காலுக்குச் செருப்பு... காருக்கு பூட்ஸ்!

புதுசாக கார் வாங்கிய நண்பர்களே, காலையில் எதை எதைத் துடைக்கிறீர்கள்? பானெட், கண்ணாடி, டாஷ்போர்டு பிள்ளையார். சரிதானே? நானும் அப்படித்தான் இருந்தேன்.

எங்கள் விருத்தாசலத்தில் துடைக்கும் வேலைக்குப் பஞ்சமே இல்லை. செராமிக் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு நடை போனால் போதும், கறுப்பு கார் விபூதி பூசிக்கொண்டு வீடு திரும்பும். துடைத்துத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தேன். மேலே மட்டும்!

ரெண்டாவது வருஷம், வண்டியை ஒடித்துத் திருப்பும்போதெல்லாம் முன்பக்கம் 'டக் டக் டக்' என்று சத்தம். ரேடியோவைக் கொஞ்சம் பெரிதாக வைத்தேன். சத்தம் போய்விட்டது!

தங்கைக்கு வலி எடுத்த ராத்திரி. டாக்டர் கடலூரில். அவளையும் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். வடலூர்கூடத் தாண்டவில்லை, 'மடார்!' என்ஜின் உறுமுகிறது, கியர் விழுகிறது, கார் மட்டும் நகரவில்லை. தங்கை அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு வியர்த்துக் கொட்டுகிறது.

கடைசியில் ஒரு மினி லாரிக்காரர் நிறுத்தினார். பின்னால் 'உடையும் பொருள், ஜாக்கிரதை' என்று எழுதின பீங்கான் பெட்டிகள். முன்னால் டிரைவர் பக்கத்தில் என் தங்கையும் அம்மாவும். குழந்தை ஆஸ்பத்திரியில் சுகமாகப் பிறந்தது. "உன் காரைவிட அந்த லாரி அலுங்காம போச்சுண்ணே" என்று இன்றைக்கும் குத்திக் காட்டுகிறாள்.

மறுநாள் மெக்கானிக் காரைத் தூக்கிக் காட்டினார். "சார், இது முன் சக்கரம் இழுக்கிற வண்டி."

அந்தக் கால அம்பாஸடரில் பின் சக்கரம்தான் வண்டியைத் தள்ளும். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800, முன் சக்கரத்தால் இழுக்கிற காரை ஊரெல்லாம் பழக்கிவிட்டது. இன்றைய சின்ன கார்கள் பெரும்பாலும் அதே ஜாதிதான். இழுப்பது, திரும்புவது, பிரேக்கில் பெரும்பங்கு என மூன்றும் முன் சக்கரத்தின் தலையில். வீட்டில் ஒரே ஒரு சம்பாதிக்கிற பிள்ளை மாதிரி!

சுற்றிக்கொண்டே திரும்பவும் வேண்டுமே? அதற்காக ஆக்சில் நுனியில் சி.வி. ஜாயின்ட். உள்ளே கிரீஸ். மேலே துருத்தி மாதிரி ஒரு ரப்பர் உறை. இதுதான் பூட். அது கிழிந்தால் கிரீஸ் வெளியே, மண் உள்ளே. எங்கள் ஊர் மண் அங்கே உப்புத்தாள் வேலை பார்த்துவிட்டது. 'டக் டக்' என்பது அந்த ஜாயின்ட்டின் ஒப்பாரி. உறையோடு போயிருந்தால் சில நூறு. ஆக்சிலோடு போனதால் பல ஆயிரம்.

ஆகவே மகாஜனங்களே... ஒவ்வொரு சர்வீஸிலும் ஆயில், கூலண்ட்டோடு நாலு ரப்பர் உறைகளையும் பார்க்கச் சொல்லுங்கள். சக்கரத்தின் உள்பக்கம் கிரீஸ் தெறித்திருந்தால் உடனே ஓடுங்கள். முன் டயர் சீக்கிரம் தேயும். 10,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை முன் டயர்களை அதே பக்கம் பின்னாலும், பின் டயர்களைப் பக்கம் மாற்றி முன்னாலும் போடுங்கள். ஒரே திசையில்தான் சுற்றலாம் என்று அம்புக்குறி போட்ட டயர் என்றால் பக்கம் மாற்றக்கூடாது. காற்றை மாசம் ஒரு முறை, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன்னால் பாருங்கள்.

நான் பி.காம். தேய்மானம் பற்றிப் பக்கம் பக்கமாகப் பரீட்சை எழுதியவன். எத்தனை சதவீதம் கழிக்க வேண்டும் என்று நன்றாகத் தெரியும். எங்கே தேய்கிறது என்றுதான் தெரியவில்லை!