மாடி அறையும் தெர்மாகோலும்



போன தை மாதம் எங்கள் வீட்டு மாடியில் ஓர் அறை எடுத்தோம். பரண் கிடையாது, தலைக்கு மேல் ஐந்து அங்குல கான்கிரீட், அதற்கு மேல் சூரியன். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து தளம் போடச் சொன்னேன். "அதெல்லாம் இப்ப யார் சார் போடுறா? உள்ளே தெர்மாகோல் வெச்சு ஃபால்ஸ் சீலிங் அடிச்சிடலாம், ஜில்லுன்னு இருக்கும்" என்றார் கான்டிராக்டர். முப்பது வருஷம் வெப்பக் கதிர்வீச்சு நடத்தியவன், தலையாட்டினேன்!

பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் ராத்திரி அதைக் கீழே கக்குகிறது. அரை அங்குலத் தெர்மாகோல் எவ்வளவு மறிக்கும்? சித்திரையில் ஒருநாள் உங்கள் டீச்சரம்மா அந்த அறையில் மயங்கி விழுந்தார். ஐப்பசி மழையில் ஸ்லாப் கசிந்தது. சீலிங் மறைத்ததால் கறை படிந்த பிறகே தெரிந்தது. தெர்மாகோல் தீப்பிடித்தால் கரும்புகை வேறு, ஒயர் ஓடும் இடத்தில்!

வெயிலை மேலேயே மறிக்க வேண்டும். சுண்ணாம்புத் தளம், மேலே தட்டோடு. வசதியில்லையா, வெள்ளைச் சுண்ணாம்பாவது அடியுங்கள். மழையில் போய்விடும், வருஷா வருஷம் அடிக்கணுமே என்பீர்கள். அடியுங்கள்! பொங்கலுக்குச் சுவருக்கு அடிப்பதில்லையா?

என்னிடம் படித்த கட்டட இன்ஜினியர்களே, உங்களைத்தான் கேட்கிறேன். எஸ்டிமேட்டைக் குறைக்கும்போது முதலில் தளத்தில் கை வைப்பது ஏன்? சீலிங் டிசைனில் ஒரு ரூபாய் குறைக்கிறீர்களா?

பங்குனிக்குள் சீலிங்கைப் பிரித்துவிட்டு மேலே தளம் போடப் போகிறேன். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.