கல் மாதிரி இருந்தால் நல்ல அப்சார்பரா?

“வண்டியத் தூக்கியாச்சா? அப்ப நல்லா கெட்டியான அப்சார்பரா பாத்துப் போட்டுடுங்கண்ணே.” ஈப்போவிலிருந்து கோப்பெங் வரை எந்தப் பட்டறையில் நுழைந்தாலும் இந்த யோசனை காசில்லாமல் கிடைக்கும். கூடவே ஒரு செய்முறை விளக்கமும் உண்டு. புது அப்சார்பரைத் தரையில் நிறுத்தி, இரண்டு கையாலும் அதன் தலையில் உடம்புப் பாரத்தை இறக்குவார்கள். கம்பி இலேசில் உள்ளே போகாது. “கல்லு மாதிரி இருக்கு பாருங்க!” அவ்வளவுதான், பணம் கைமாறிவிடும்.

சிம்பாங் பூலாயைச் சுற்றி இந்த நம்பிக்கைக்குப் பஞ்சமே இல்லை. ஊரின் அமைப்பு அப்படி. ஒரு பக்கம் சுண்ணாம்புக்கல் மலைகளும் குவாரிகளும். இன்னொரு பக்கம் முன்பு பால்மரம் நின்று இன்று செம்பனை நிற்கும் தோட்டங்கள். கிழக்கே கம்போங் ராஜாவுக்கு ஏறும் 185ஆம் சாலை, அதிலிருந்து பிரிந்து ஒராங் அஸ்லி கிராமங்களுக்குப் போகும் மண்பாதைகள். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி இங்கே சிலருக்குப் பிழைப்பு, சிலருக்கு ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியம். இரு சாராரும் வண்டியை இரண்டு இன்ச் உயர்த்துகிறார்கள், பெரிய டயர் மாட்டுகிறார்கள், பிறகு ‘கெட்டி’ அப்சார்பர் தேடிப் போகிறார்கள். முதல் இரண்டோடு எனக்குச் சண்டை இல்லை. மூன்றாவது மூடநம்பிக்கை. வண்டியையும் கெடுக்கும், முதுகையும் கெடுக்கும்.

வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். முன்னால் சுருளோ பின்னால் பட்டையோ, சுமை முழுக்க அதன் தலையில்தான். பள்ளத்தில் இறங்கி ஏறிய ஸ்பிரிங்கைத் தன்போக்கில் விட்டால் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்கத்தான் அப்சார்பர். குழாய்க்குள் இருக்கும் எண்ணெயைப் பிஸ்டனின் சிறு துளைகள், வால்வுகள் வழியே பிதுக்கி, ஆட்டத்தின் சக்தியைச் சூடாக மாற்றி வெளியே விடுகிறது. கம்பி எவ்வளவு வேகமாக நகர்கிறதோ அவ்வளவு எதிர்ப்பு. வண்டி அசையாமல் நிற்கும்போது அந்த எண்ணெய் எதையும் தாங்குவதில்லை, தடுப்பதுமில்லை.

அப்படியானால் பட்டறையில் கையை எதிர்த்தது எது? பெரும்பாலும் நைட்ரஜன். ஒற்றைக்குழாய் அப்சார்பரில் எண்ணெய் நுரைத்துப் போகாமலிருக்க 20, 25 பார் அழுத்தத்தில் நைட்ரஜனை அடைத்திருப்பார்கள். பில்ஸ்டைன் நிறுவனம் 1957இல் மெர்சிடிஸ் பென்ஸ் கார்களுக்காகப் பெருமளவில் செய்யத் தொடங்கிய ஏற்பாடு அது. கம்பியின் தடிமன் 14 மில்லிமீட்டர் என்றால், அந்த வாயு ஒன்றே 30, 40 கிலோ பாரத்துக்கு ஈடாகக் கம்பியை வெளியே தள்ளும். ஆக, கடையில் நாம் சோதித்தது வாயுவின் அழுத்தத்தை, வால்வை அல்ல. கை அழுத்தும் வேகம் விநாடிக்குச் சில சென்டிமீட்டர். கல்லில் ஏறி விழும் சக்கரம் அதைப்போலப் பல மடங்கு வேகத்தில் கம்பியைத் தள்ளுகிறது. இந்தச் சோதனையில் தேறிய அப்சார்பர் காட்டில் எப்படி நடந்துகொள்ளும் என்று எந்தப் போமனாலும் சொல்ல முடியாது. ‘இந்த மாடல் போட்டாலே வண்டி கொஞ்சம் தூக்கும்’ என்ற பேச்சும் இதே வாயுவிலிருந்து பிறந்ததுதான். உண்மையில் அது தூக்குவது சில மில்லிமீட்டர். டயரில் காற்று கொஞ்சம் கூடினாலே அவ்வளவு ஏறிவிடும்.

தோட்டத்துச் செம்மண் சாலைக்கு வருவோம். பழம் ஏற்றும் லோரிகள் ஓடி ஓடி அந்த மண் வரிவரியாய் அலையடித்துக் கிடக்கும். சக்கரம் ஒரு வரியின் மேல் ஏறுகிறது, அடுத்த பள்ளத்துக்குள் இறங்க வேண்டும். அளவுக்கு மீறி இறுக்கமான அப்சார்பர் அதை இறங்க விடாமல் பிடித்து வைக்கிறது. சக்கரம் பாதி இறங்குவதற்குள் அடுத்த வரி வந்துவிடுகிறது. ஒவ்வொரு வரிக்கும் ஸ்பிரிங் இன்னும் கொஞ்சம் சுருங்கியே நிற்க, பத்துப் பதினைந்து வரி தாண்டுவதற்குள் வண்டி தாழ்ந்து, டயர் மண்ணைத் தொட்டும் தொடாமலும் மிதக்கிறது. பிரேக்கை அழுத்தினால் வண்டி கேட்காது, வளைத்தால் வழுக்கும். ஓட்டுபவருக்கோ ஸ்டியரிங்கில் அதிர்வு தெரிகிறது, உடம்பு குலுங்குகிறது. ‘வண்டி என்னா கெட்டியா ஓடுது’ என்று மகிழ்ந்து போகிறார். உயர்த்திய வண்டியில் பணம் கொட்டி வாங்கியது இதைத்தானா?

எதிர்த்தரப்பு சொல்வதில் வலுவான வாதம் ஒன்று உண்டு. உயர்த்திய வண்டி வளைவில் சாயும், அதை அடக்கக் கெட்டி அப்சார்பர் வேண்டும் என்பது. வண்டி சாயும் என்பது உண்மைதான். எடையின் மையம் மேலே போய்விட்டதே. ஆனால் கம்போங் ராஜாவிலிருந்து இறங்கும் நீண்ட வளைவு ஒன்றில் வண்டி கடைசியாக எவ்வளவு சாய்ந்து நிற்கும் என்பதை முடிவுசெய்வது ஸ்பிரிங்கும், சாய்வைத் தடுக்கும் குறுக்குக் கம்பியும், மையத்தின் உயரமும், சக்கரங்களின் இடைவெளியும். அப்சார்பரால் அந்தச் சாய்வு வந்து சேரும் நேரத்தைச் சற்றுத் தள்ளிப்போட மட்டுமே முடியும். பாதை மாறும்போது, சட்டென்று ஒதுங்கும்போது, அது உதவும். வளைவு நீண்டால் அந்த உதவி கரைந்துவிடும். சாய்வுக்குப் பயப்படுபவர் செய்ய வேண்டிய முதல் காரியம், கூரைமேல் கட்டிய இரும்புக் கூடையையும் அதிலிருக்கும் உபரி டயரையும் கீழே இறக்குவது.

கொஞ்சம் கூடுதல் அடக்கம் வேண்டும் என்பதையும் நான் மறுக்கவில்லை. பெரிய டயர், இரும்பு ரிம் எல்லாம் கனம். வலுவான ஸ்பிரிங் விரியும்போது வேகமாக விரியும். ஆனால் எவ்வளவு கூடுதல்? தேவையான அடக்கம் ஸ்பிரிங் வலுவின் வர்க்கமூலத்தோடுதான் கூடுகிறது. ஸ்பிரிங் 20 விழுக்காடு வலுவானால் அப்சார்பர் 10 விழுக்காடு போலக் கூடினால் போதும். அதுவும் முக்கியமாக விரியும் பக்கத்தில். இரண்டு மடங்கு கெட்டி என்ற பேச்சுக்கு எந்தக் கணக்கிலும் இடமில்லை. சேசிஸுக்கும் பாடிக்கும் நடுவே கட்டை வைத்து உயர்த்தியவர்கள் கதை இன்னும் வேடிக்கை. அங்கே சேசிஸும் அச்சும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. உயர்த்தியதே அப்சார்பருக்குத் தெரியாது. அவர்களும் நீளமான, கெட்டியான செட் வாங்கி மாட்டுகிறார்கள்.

நீளம். இதில்தான் கண்ணெதிரே இரும்பு முறிகிறது. பெட்டியில் ‘2 இன்ச் லிஃப்ட்’ என்று அச்சிட்டிருக்கும், நம் வண்டியும் 2 இன்ச் உயர்ந்திருக்கும், பொருத்தம் முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறோம். எதை வைத்து அந்த இரண்டு இன்ச் வந்தது என்று யாரும் கேட்பதில்லை. பின்பட்டையின் ஷேக்கலை 2 இன்ச் நீட்டினால் வண்டி ஏறுவது ஏறக்குறைய 1 இன்ச். ஹைலக்ஸ் போன்ற வண்டியின் முன் அப்சார்பருக்கு மேல் 1 இன்ச் வட்டு வைத்தால் சக்கரத்தில் ஏறக்குறைய 2 இன்ச். அதைவிட முக்கியமான ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: வண்டியை உயர்த்தினாலும் அச்சு மேலே எழும்பி வந்து மோதும் ரப்பர் கட்டை அதே இடத்தில்தான் இருக்கிறது. பள்ளத்தில் விழுந்தால் அச்சு பழைய உச்சிவரைக்கும் போகும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பழைய அப்சார்பர் முழுக்க விரிந்தால் 20 இன்ச், முழுக்க மடங்கினால் 12. ஓட்டம் 8 இன்ச். மீதி 4 இன்ச் மவுண்டும் பிஸ்டனும் அடைத்துக்கொண்ட இடம். அதே கட்டமைப்பில் விரிந்த நீளத்தை 22 ஆக்கினால் ஓட்டம் 9 ஆகும், மடங்கிய நீளமும் 13 ஆகிவிடும். இப்போது அச்சு ரப்பர் கட்டையைத் தொடும்போது இரண்டு மவுண்டுகளுக்கும் இடையே 12½ இன்ச் மட்டுமே இருக்கிறது என்று வையுங்கள். பழையதற்கு அரை இன்ச் மிச்சம் இருந்தது. புதியது ரப்பர் கட்டைக்கு அரை இன்ச் முன்பே தானே அடிவாங்கும். ஒவ்வொரு பெரிய பள்ளத்திலும் வண்டியின் எடை அந்தக் கம்பியின் மேல் இறங்கும். சீல் போகும், கம்பி வளையும், சேசிஸில் பற்றவைத்த பிராக்கெட் பிளந்து வரும். வண்டிக்காரர் என்ன சொல்வார்? ‘இந்தப் பிராண்டு சொத்தை, இன்னும் கெட்டியானது போடணும்.’ ரப்பர் கட்டையைக் கீழே இறக்கியிருந்தால் செலவு சொற்பம்.

நீளமானதை எப்படியாவது நுழைக்கவேண்டி அதைச் சாய்த்துப் பொருத்துபவர்களும் உண்டு. நெட்டுக்குத்தலிலிருந்து 45 பாகை சாய்த்தால் சக்கரத்துக்குக் கிடைக்கும் அடக்கம் பாதியாகிவிடும். பிறகு மெத்தென்று இருக்கிறதே என்று மறுபடியும் கடைக்கு ஓட்டம்.

விலை உயர்ந்ததெல்லாம் நமக்கு ஏற்றது என்ற நினைப்பு இதன் கூடப்பிறந்தது. தனிக் கலம் வைத்த அப்சார்பர்கள் பாலைவனப் பந்தயங்களில் பேர் வாங்கியவை. மெக்சிகோவின் பாஹா பந்தயம் 1967லேயே தொடங்கிவிட்டது. ஆஸ்திரேலியர்களுக்கும் அவை தேவை. கிப் ரிவர் சாலை மாதிரி 660 கிலோமீட்டர் வரிச்சாலையில் வேகமாக, நாள் முழுக்க ஓடினால் எண்ணெய் கொதித்துப்போகும். கூடுதல் எண்ணெய் வேண்டும். நம் காட்டுப் பாதையில் வேகம் என்ன? ஆள் நடந்தே வண்டியை முந்தலாம். 1997 முதல் அடைமழைக் காலத்தில் நடக்கும் ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போட்டியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே வண்டியை வெளியே கொண்டுவருவது பெரும்பாலும் வின்ச்சும் சேற்றில் நிற்கும் இரண்டு மனிதர்களும்தான். எண்ணெய் சூடாக அங்கே வாய்ப்பே குறைவு. இங்கே அப்சார்பரைக் கொல்வது கம்பியில் காய்ந்த சேறு. கம்பி உள்ளே போகும்போதெல்லாம் அது சீலை அறுக்கிறது. அடுத்தது கல். ஒற்றைக்குழாயின் சுவரில் ஒரு நல்ல சொட்டை விழுந்தால் உள்ளே பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். இரட்டைக்குழாயில் வெளிக்குழாய் நசுங்கினாலும் உள்குழாய் பெரும்பாலும் தப்பித்துவிடும். சுண்ணாம்புக்கல் சிதறிக் கிடக்கும் ஊரில் மலிவான இரட்டைக்குழாய்க்காக நான் வாதாடுவேன்.

காலி ஹைலக்ஸ் பின்னால் உதைக்கிறது என்று அப்சார்பர் மாற்றுபவர்களும் நிறைய. ஏறக்குறைய ஒரு டன் சுமக்கச் செய்த பட்டை அது; வெறும் தொட்டியோடு உதைக்காமல் என்ன செய்யும்? அங்கே கெட்டி அப்சார்பர் போடுவது எரியும் நெருப்பில் எண்ணெய் ஊற்றுவது. கேமரன் மலையில் காய்கறி இறக்கும் பழைய லேண்ட்ரோவர்கள் இன்னும் பட்டை ஸ்பிரிங்கும் சாதாரண அப்சார்பருமாகவே ஓடுகின்றன. அவற்றை ஓட்டுபவர்களுக்குச் சுமை எவ்வளவு என்று தெரியும், அதற்கேற்ற பட்டை போடுவார்கள், புஷ் தேய்ந்தால் மாற்றுவார்கள். ‘டொக் டொக்’ என்ற சத்தத்துக்குப் பாதி நேரம் அந்தச் சின்ன ரப்பர் புஷ்தான் காரணம்.

மாற்றத்தான் வேண்டுமென்றால் கடைக்குப் போகுமுன் அளவு நாடாவை எடுங்கள். சேசிஸை ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தொங்கவிட்டு மவுண்டுக்கு மவுண்டு அளந்துகொள்ளுங்கள். பிறகு ரப்பர் கட்டையில் அச்சு உட்காரும்வரை அழுத்தி இன்னொரு அளவு. அப்சார்பரின் மடங்கிய நீளம் இந்த இரண்டாவது அளவைவிடக் குறைவாக இருந்தே ஆகவேண்டும். முன்பக்கம் தொங்கும் எல்லையை அப்சார்பரே தீர்மானிக்கும் வண்டிகளில் கூடுதல் நீளத்துக்கு ஆசைப்பட்டால் டிரைவ் ஷாஃப்ட் மூட்டும் பிரேக் ஹோஸும்தான் இழுபடும். கடைக்காரரிடம் ஸ்பிரிங் எது, பம்பரும் வின்ச்சும் எவ்வளவு கனம், வழக்கமாக எவ்வளவு சுமை என்று சொல்லுங்கள். அதையெல்லாம் கேட்காமல் அப்சார்பரை எடுத்து அழுத்திக் காட்டுகிறாரா, நன்றி சொல்லிவிட்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

மாட்டிய பிறகு கம்பியில் ஒரு கேபிள் டையை இறுக்கிக் குழாயின் வாய்வரை தள்ளிவிடுங்கள். மேல்மூடி கம்பியை மறைக்கும் மாடலென்றால் ரப்பர் கட்டையில் கிரீஸ் தடவுங்கள். வழக்கமாகப் போகும் பாதையில் உள்ளதிலேயே மோசமான பள்ளத்தில் ஏறி இறங்கிவிட்டு வந்து பாருங்கள். கேபிள் டை கம்பியில் பாதி தூரம்கூட நகராமல் இருந்தால், மடங்கும் ஓட்டத்தில் பாதியை வண்டி பயன்படுத்தவே இல்லை; கிரீஸ் கலையாமல் இருந்தால், அச்சு ரப்பர் கட்டைவரை போகவே இல்லை. அந்த அப்சார்பர் உங்கள் வண்டிக்கு மிதமிஞ்சிய கெட்டியாக இருக்கலாம். மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.