தலாக்குடன் முடிந்துவிடுமா தந்தையின் கடமை?



சென்ற ரமளானுக்குச் சற்று முன்னர், எமது மத்ரஸாவில் மாலையில் ஓத வரும் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன், பாடம் முடிந்த பின்னும் எழாமல் அமர்ந்திருந்தான். "ஹஜ்ரத், நான் பாலிகாகிவிட்டேனாம். இனி எனக்குச் செலவுக்குத் தருவது அத்தாமீது கடமை இல்லையாம். கிதாபில் அப்படித்தான் இருக்கிறதா?" என்று கேட்டான். அவனுடைய பெற்றோர் பிரிந்து பல ஆண்டுகள் ஆகின்றன. தாயார் தையல் வேலை செய்து அவனை வளர்த்து வருகிறார்.

அவனுக்கு நான் சொன்ன மறுமொழியை நம் குடும்பங்கள் அனைத்தும் அறிந்துகொள்வது நலம் என்று கருதியே இதனை எழுதுகிறேன்.

பிள்ளைகளுக்குரிய ஜீவனாம்சத்தை, அதாவது நஃபகாவை, அல்லாஹ் தந்தையின் மீதே சுமத்தியுள்ளான். பிரிந்த மனைவி அவருடைய குழந்தைக்குப் பாலூட்டினால், அவளுக்குரிய உணவையும் உடையையும் அவர் வழங்க வேண்டும் என்பது அல்பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனம் தரும் சட்டம். அவ்வசனத்தில் தந்தையைக் குறிக்க 'மவ்லூத் லஹு', அதாவது 'எவருக்காகக் குழந்தை பிறந்ததோ அவர்', என்ற சொல் ஆளப்பட்டிருப்பது சிந்திக்கத்தக்கது. தலாக் கணவன் என்ற நிலையை நீக்கும். 'மவ்லூத் லஹு' என்ற நிலையை எதனாலும் நீக்க இயலாது.

அப்படியாயின் இக்கடமை எப்போது முடிவுறும்? மகன் பருவமடையும் வரை என்று ஃபிக்ஹு நூல்கள் கூறுவது உண்மையே. அடையாளங்கள் தோன்றாவிடில் 15 வயதை எல்லையாகக் கொள்வது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். ஆனால் அச்சட்டத்தின் பாதியை மட்டும் நம்மவர் சிலர் எடுத்துக்கொள்கின்றனர். பருவமடைந்த மகன் உழைத்துப் பொருளீட்ட வல்லவனாகவும் இருக்க வேண்டும் என்பதே மறுபாதி. உடற்குறையோ, மனநலக் குறைபாடோ, தீராத நோயோ உள்ள பிள்ளைக்கு வயது எல்லையாகாது. கல்வியில் ஈடுபட்டிருப்பதால் சம்பாதிக்க இயலாத மகனையும் ஹனஃபி அறிஞர்கள் இவ்வரிசையில் சேர்த்துள்ளனர். மகளுக்குத் திருமணம் வரை தந்தை பொறுப்பாளர் என்பது ஹனஃபி, மாலிகி மத்ஹபுகளின் நிலைப்பாடு. அவள் விதவையாகவோ தலாக் பெற்றோ வறுமையுடன் திரும்பினால் பொறுப்பும் தந்தையிடமே திரும்பும் என்று ஹனஃபி நூல்கள் கூறுகின்றன.

அன்று 15 வயது மகன் தந்தையின் தொழிலில் தோள்கொடுத்தான். இன்று அதே வயதுப் பையன் பள்ளிச் சீருடையில் நிற்கிறான். அவனை நோக்கி 'நீ ஆளாகிவிட்டாய்' என்று கூறிக் கையை உதறுவது, சட்டத்தின் சொல்லைப் பிடித்துக்கொண்டு அதன் காரணத்தைக் கைவிடுவதாகும்.

அபூ சுஃப்யான் (ரலி) அவர்கள் போதிய செலவுக்குத் தருவதில்லை என்று அவர்களின் மனைவி ஹிந்த் (ரலி) முறையிட்டபோது, தமக்கும் பிள்ளைகளுக்கும் போதுமான அளவை நியாயமான முறையில் எடுத்துக்கொள்ள நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். அங்கே அளவுகோலாக நின்றது தேவைதான்.

நாட்டின் சட்டத்திலும் இது போன்றதொரு குழப்பம் எழுந்தது. 1986ஆம் ஆண்டின் முஸ்லிம் பெண்கள் சட்டம் குறிப்பிடும் 2 ஆண்டுக் காலத்தைக் காட்டி, அதற்கு மேல் பிள்ளைகளுக்குத் தர வேண்டியதில்லை என்று வாதிடப்பட்டது. 1997இல் நூர் சபா காதூன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதனை ஏற்கவில்லை. அந்த 2 ஆண்டு விதி குழந்தையைப் பராமரிக்கும் தாய்க்குரியது. பிள்ளைகளின் உரிமை தனியானது. அவர்கள் வயதுக்கு வரும் வரை அல்லது தாமே பிழைக்கும் நிலை எய்தும் வரையும், பெண்பிள்ளைகளுக்குத் திருமணம் வரையும், வசதியுள்ள தந்தை கடமைப்பட்டவர் என்று தீர்ப்பளித்தது.

தந்தையர் பக்கமும் நியாயம் உண்டு. அவரவர் வசதிக்கேற்பவே செலவிட வேண்டும் என்று அத்தலாக் அத்தியாயத்தின் 7ஆம் வசனம் வரம்பிடுகிறது. வேலை இழந்தவரிடம் பழைய தொகையைக் கேட்டு நெருக்குவது முறையன்று. உழைக்கும் உடல்வலுவும் வாய்ப்பும் இருந்தும் சோம்பியிருக்கும் இளைஞன், அதனைத் தந்தையிடம் உரிமையாகக் கோரவும் பொதுவாக இடமில்லை. ஆயினும், 'பிள்ளை தாயிடம் இருக்கிறான்', 'என்னைப் பார்க்க வருவதில்லை', 'அவள்தான் சம்பாதிக்கிறாளே' என்பவை கடமையை நீக்கும் காரணங்கள் ஆகா.

மஹல்லா ஜமாஅத்துகளுக்கு ஒரு வேண்டுகோள். பிரிவினை பேசித் தீர்க்கப்படும் நாளில் மஹர், சீர்ப்பொருள், இத்தாக் காலச் செலவு ஆகியவற்றைக் கணக்கிட்டு எழுதுகிறோம். பிள்ளைகளைப் பற்றி ஒரு வரியும் எழுதாமல் எழுந்துவிடுகிறோம். மாதத் தொகை எவ்வளவு, கல்விச் செலவு யாருடையது, எதுவரை என்பவற்றையும் அன்றே எழுதி, இரு தரப்பாரிடமும் கையொப்பம் பெறுதல் வேண்டும்.

அம்மாணவனிடம், "இல்லை தம்பி, கிதாபில் அப்படி இல்லை" என்றேன். அடுத்த ஜும்ஆவுக்குப் பின் அவனுடைய தந்தையையும் சந்தித்தேன். அவர் கொடியவர் அல்லர். எவரோ கூறிய பாதிச் சட்டத்தை நம்பியிருந்தார். முழுவதையும் கேட்டபின் நெடுநேரம் மௌனமாக இருந்துவிட்டு, "அவன் என்னிடமே கேட்டிருக்கலாமே, ஹஜ்ரத்" என்றார். பிள்ளை கேட்டுத்தான் தந்தை தர வேண்டுமா என்ற கேள்வியை அவரிடமே விட்டுவிட்டு வந்தேன்.

தம் பொறுப்பில் உள்ளோரைப் பாழாக்கும் பாவத்திலிருந்து வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் காத்தருள்வானாக. ஆமீன்.