எய்ட்ஸ் வியாதியும் நமது சட்டமும்

எய்ட்ஸ் என்ற பெயரைக் கேட்டமாத்திரத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் வழக்கம் படித்தவர்களிடையேகூட இன்னும் ஒழிந்தபாடில்லை. எச்.ஐ.வி. கிருமி ஒருவருடைய இரத்தத்தில் இருந்தால் அவர் ஆயுள் முடிந்ததென்றும், அவரோடு ஒரே பந்தியில் உட்காருவது அபாயமென்றும் பலர் நம்புகிறார்கள். இரண்டும் தவறு. இந்நம்பிக்கையால் விளையும் கேடு கிருமியால் விளையும் கேட்டிற்குக் குறைந்ததல்ல வென்பது நமது அபிப்பிராயம்.

கிருமி வேறு, எய்ட்ஸ் வேறு. தேகத்தில் புகுந்த கிருமி, பிற நோய்களைத் தடுத்துக் காக்கும் வெள்ளணுக்களில் சி.டி.4 எனப்படும் ஒரு வகையைச் சிறிது சிறிதாக அழிக்கிறது. சிகிச்சையின்றி விட்டால், பெரும்பாலும் பல வருஷங்களுக்குப் பின், காவலிழந்த தேகத்தில் க்ஷயம் முதலிய வியாதிகள் புகுந்துவிடுகின்றன. அந்நிலைக்கே எய்ட்ஸ் என்று பெயர். புணர்ச்சி, இரத்தம், ஒருவருக்குக் குத்திய ஊசியை மற்றவருக்கும் குத்துதல், தாயிடமிருந்து சிசுவுக்கு என்னும் வழிகளில் இது தொற்றுமேயன்றி, தொடுவதாலும் சேர்ந்துண்பதாலும் கொசுக்கடியாலும் தொற்றுவதில்லை. மேலும், நாள் தவறாமல் மருந்துண்டு, சோதனையில் தென்படாத அளவுக்குக் கிருமி ஒடுங்கினவரிடமிருந்து புணர்ச்சியாலும் அது பிறருக்குப் பரவுவதில்லை யென்று ஐயமற நிரூபணமாகியிருக்கிறது. ஆகவே ஒருவர் விழுங்கும் மாத்திரை மற்றவருக்கும் காப்பாகிறது.

இக்கிருமி நம் தேசத்தில் இருப்பதை 1986-ஆம் வருஷத்தில் முதன்முதல் கண்டறிந்தவர்கள் சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் சுநீதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவுமாவர். வைத்தியர்கள் தம் கடமையைச் செய்தார்கள். சட்டம் செய்தவர்களோ பயத்தையே மந்திரியாகக் கொண்டார்கள். கோவாவில் 1989-இல் டொமினிக் டி'ஸௌஸா என்ற இளைஞர், இரத்த தானம் செய்யப் போய்க் கிருமியுள்ளவரென்று தெரியவந்த ஒரே காரணத்துக்காக, போலீஸாரால் பிடிக்கப்பட்டுப் பழைய க்ஷயரோக ஆஸ்பத்திரி யொன்றில் 64 நாட்கள் தனியே அடைக்கப்பட்டார். தானம் செய்யப் போனவருக்கு நாம் அளித்த மரியாதை இது! அவர் தாயார் வழக்காடினார். பம்பாய் ஹைகோர்ட்டோ தனிமைப்படுத்தும் அச்சட்டம் செல்லுமென்றே தீர்ப்பளித்தது. சட்டம் பயின்றவர்கள் என்ற முறையில் அத்தீர்ப்பை நினைக்கும்தோறும் நாம் வெட்கமடைகிறோம். சோதனைக்குப் போனால் சிறைவாசம் என்றிருந்தால் எவர்தான் சோதனைக்குப் போவார்? அதே ஹைகோர்ட் 1997-இல், வேலை செய்யத் தகுதியுள்ளவரைக் கிருமி இருப்பதை மாத்திரம் காரணங்காட்டி வேலையினின்று விலக்கலாகாதென்று தீர்ப்புக் கூறி ஓரளவு பரிகாரம் தேடிற்று.

பார்லிமெண்டு 2017-இல் நிறைவேற்றி, 2018 செப்டம்பர் 10 முதல் அமலுக்கு வந்த சட்டத்தை நாம் மனமார வரவேற்கிறோம். அறிந்து அளித்த சம்மதமின்றி இரத்தத்தைச் சோதிக்கலாகாது. உத்தியோகத்திலோ, பள்ளியிலோ, வைத்தியசாலையிலோ, குடியிருக்கும் வீட்டிலோ பேதம் காட்டலாகாது. நோயாளிகளுக்கு விரோதமாகத் துவேஷம் பரப்புவோருக்கு மூன்று மாதம் முதல் இரண்டு வருஷம் வரை சிறை. இவையெல்லாம் நியாயமே. ஆனால் சிகிச்சையைப் பற்றிய 14-ஆவது பிரிவை வாசிப்போர் திடுக்கிடுவர். மருந்தளிப்பதற்கான ஏற்பாடுகளைச் சர்க்கார் 'இயன்ற மட்டில்' செய்யவேண்டுமாம்! பேதம் காட்டலாகாதென்று பிரஜைகளுக்கு இடும் கட்டளையில் 'இயன்ற மட்டில்' இல்லை. சர்க்கார் தன் கடமையைச் சொல்லுமிடத்தில் மாத்திரம் அது வந்து உட்கார்ந்துகொள்கிறது. கட்சிக்காரர் எவரேனும் இத்தகைய வாசகமுள்ள கடன் பத்திரத்தைக் கொண்டுவந்தால், கையெழுத்திடாதே யென்றுதான் நாம் யோசனை சொல்வோம்.

இந்த மருந்து இடையில் நிற்கக் கூடாதது. நின்றால் ஒடுங்கியிருந்த கிருமி மீண்டும் தலையெடுக்கும். அம்மருந்துக்கே அடங்காத தன்மையையும் அடையலாம். 2004 ஏப்ரல் முதல் நம் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் இதை இலவசமாக அளித்துவருவதை மறுப்பாரில்லை. ஆயினும் 2022-இல் மருந்துத் தட்டுப்பாட்டை முறையிட்டு நோயாளிகள் டில்லியில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு ஸ்தாபனத்தின் வாசலில் பல நாட்கள் கிளர்ச்சி செய்ய நேர்ந்தது. மேல்நாட்டுக் கம்பெனிகள் வருஷத்துக்கு 10,000 டாலருக்கு மேல் விலை கூறிய காலத்தில், 2001-இல், ஏழை நாடுகளுக்கு 350 டாலருக்கு இம்மருந்தைத் தர முன்வந்தது நம் நாட்டு சிப்லா கம்பெனி. உலகத்துக்கு மருந்தனுப்பும் தேசத்தில் சொந்தப் பிரஜைகள் மாத்திரைக்காக வாசலில் உட்காருவதா? 'இயன்ற மட்டில்' என்ற வாசகத்தை நீக்குவதற்கு ஒரு மசோதா போதும். அதைக் கொண்டுவர நம் பிரதிநிதிகளில் எவர் முன்வருகிறாரென்று பார்க்கிறோம்.