ஆசிரியருக்கு நம்பிக்கை வேண்டும். நம் பிள்ளைகள் மீதும்

கிருமாம்பாக்கம் போன்ற பாகூர் பகுதி ஊர்களில் வசதி உள்ளவர்கள் பிள்ளைகளை வேனில் ஏற்றித் தனியார் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். அரசு தொடக்கப் பள்ளியை நம்பியிருப்பது காலனிப் பிள்ளைகள்தான். அவர்கள் படிப்பு, "என்னால் இவர்களுக்குக் கற்றுக்கொடுக்க முடியும்" என்று ஆசிரியர் நம்புகிறாரா என்பதைப் பொறுத்தது.

இதைத்தான் உளவியலாளர் ஆல்பர்ட் பாண்டுரா 1977இல் தன்திறன் நம்பிக்கை என்றார். அது பிறவிக் குணமல்ல. செய்து வென்ற அனுபவத்தில் வளர்வது. கல்வி உரிமைச் சட்டம் (2009) 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்கிறது. ஐந்து வகுப்புக்கு இருவர்! தேர்தல் வேலையும் கணக்கெடுப்பும் வேறு. வென்று பார்க்க நேரம் ஏது? பணி நிறைவு எங்கிருந்து வரும்? இதற்கு மருந்து ஊக்கப் பேச்சு அல்ல, கூடுதல் ஆசிரியர்கள்.

ஆனால் தோழர்களே, "இதுங்களுக்கு எங்க ஏறப்போவுது" என்று ஒருவர் சொன்னால் அது சோர்வல்ல, சாதி. சோர்ந்தவர் தன் நிலையை நொந்துகொள்வார். சாதி பார்ப்பவர் பிள்ளையின் பிறப்பைக் குறை சொல்வார். முன்னவருக்குத் துணை நிற்போம். பின்னவரைக் கேள்வி கேட்போம்.

அதற்கு வழியும் அதே சட்டத்தில் இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். நம் மக்களுக்கு விகிதாசார இடம். பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது அந்தக் குழுதான். அடுத்த கூட்டத்துக்கு உங்கள் அம்மா, அக்காவை அழைத்துப் போங்கள். கூடுதல் ஆசிரியர் கோரிக்கையை அந்தத் திட்டத்தில் எழுத வையுங்கள்.